சிந்தாத தீவனமும் சிறுவிடைக் கோழியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

கோழி வளர்ப்பு என்றவுடன் நாமக்கல் பக்கம் வரிசை வரிசையாக நீண்டு கிடக்கும் பண்ணைகளும், அட்டை அட்டையாக லாரியில் ஏறும் முட்டைகளும்தான் நம் நினைவுக்கு வரும். அது பெருமுதல் போட்டு நடத்தும் தொழில். அதனைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. நம் வீட்டுக் கொல்லையில் பத்துப் பெட்டையும் ஒரு சேவலுமாகத் திரியும் சின்னஞ்சிறு நாட்டுக்கோழிகளைப் பற்றியே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். இத்தகைய வளர்ப்பில் இலாபம் கோழி வாங்குவதிலும் இல்லை, விற்பதிலும் இல்லை. சிந்தும் தீவனத்தையும் சாகும் குஞ்சையும் தடுப்பதில்தான் இருக்கிறது. அவ்விரண்டையும் தடுக்கும் கருவிகளை வீட்டில் கிடக்கும் பழைய பொருள்களைக் கொண்டு நாமே செய்துகொள்ள முடியும். இதனை விளக்குவதே என் நோக்கம்.

சிறுவிடை என்பது யாது?

நம் நாட்டுக்கோழிகளை மக்கள் பெருவிடை, சிறுவிடை என்று இரு வகையாகப் பிரித்துச் சொல்வர். பெருவிடை உயர்ந்த கால்களும் கனத்த உடலும் உடையது. சிறுவிடை குட்டையான கால்களும் கச்சிதமான உடலும் கொண்டது. வளர்ந்த சிறுவிடைப் பெட்டை ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ இருக்கும். முட்டையும் சிறியதே. ஆனால் அடைகாப்பதிலும் குஞ்சு காப்பதிலும் இதற்கு நிகரான கோழி அரிது. பருந்தின் நிழல் தரையில் விழுந்தால் போதும், ஒரு குரல் கொடுத்துக் குஞ்சுகளை எல்லாம் இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும்.

சிறு கோழிகளை விரும்பி வளர்க்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. ஆங்கிலேயர் அவற்றைப் ‘பாண்டம்’ என்பர். ஜாவாத் தீவின் மேற்கிலுள்ள பாண்டன் என்னும் பழைய துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது.

எல்லா வீட்டுக்கோழிகளுக்கும் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழியே என்று டார்வின் கருதினார். 2008ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு ஒன்று இதில் ஒரு திருத்தம் செய்தது. வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்குரிய மரபணு, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழ்கின்ற சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று அது காட்டியது. அடுத்த முறை மஞ்சள் கால் கோழியைக் காணும்போது, அந்தக் காலில் நம் மலைக்காடும் கொஞ்சம் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம்.

சிந்துவது எவ்வளவு?

கோழி மாட்டைப் போல வைத்த இடத்தில் தின்னும் பிராணி அன்று. அதன் இயல்பு கிளறித் தின்பது. தட்டில் தீவனத்தை வைத்தால் முதலில் காலால் சீய்க்கும்; பிறகு அலகால் இரு பக்கமும் தள்ளித் தனக்குப் பிடித்த மணியைத் தேடும். காட்டில் சருகுக்கடியில் புழு தேடிய பழக்கம் அது. அதனைக் கோழியிடமிருந்து மாற்ற முடியாது. தொட்டியைத்தான் மாற்ற வேண்டும்.

கோழி வளர்ப்பு நூல்களில் ஒரு கணக்குக் காணப்படுகிறது. தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கு தீவனம் சிந்திப் போகும். மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் 10. பாதி நிரப்பினால் 3. மூன்றில் ஒரு பங்கு நிரப்பினால் 1. இதனை நம் கொல்லைக்குப் பொருத்திப் பார்ப்போம். மேய்ந்து திரியும் கோழி ஒன்றுக்கு நாள்தோறும் நாம் 40 கிராம் தீவனம் வைப்பதாகக் கொள்வோம். பத்துக் கோழிக்கு 400 கிராம். நூற்றுக்கு 30 என்றால் நாளொன்றுக்கு 120 கிராம் சிந்துகிறது. ஓர் ஆண்டில் அது ஏறக்குறைய 44 கிலோ, அதாவது ஒரு மூட்டை! அதே தீவனத்தை மூன்றில் ஒரு பங்கு அளவாக வைத்தால் ஆண்டுச் சேதம் ஒன்றரைக் கிலோதான்.

“சிந்தியதைக் கோழியே பொறுக்கித் தின்றுவிடாதா?” என்று சிலர் கேட்கலாம். கொஞ்சம் தின்னும். மிச்சத்தை எலியும் எறும்பும் கொண்டுபோகும். கோழி பொறுக்குவதும் எச்சத்தோடு கலந்த ஈரமான தீவனமே. குஞ்சுகளைக் கொல்லும் இரத்தக் கழிச்சல் நோயின் கிருமி எச்சத்தின் வழியாகத்தான் பரவுகிறது, ஈரத்தில்தான் தழைக்கிறது. ஆகவே சிந்தாத தொட்டி தீவனத்தை மிச்சப்படுத்துவதோடு நோயையும் தடுக்கிறது.

முதல் கருவி: மூங்கில் தொட்டி

சுமார் 10 செ.மீ. குறுக்களவுள்ள மூங்கில் அல்லது குழாய் வேலையில் மிஞ்சிய 4 அங்குல பி.வி.சி. குழாய் இதற்குப் போதும். வளர்ந்த கோழி ஒன்று நின்று தின்ன 10 செ.மீ. இடம் வேண்டும். பத்துக் கோழிக்கு 100 செ.மீ. இரு பக்கமும் நின்று தின்னுமாதலால் தொட்டியின் நீளம் 50 செ.மீ. இருந்தால் போதுமானது. இடம் குறைந்தால் வலுத்த கோழி தின்னும், இளைத்த கோழி ஓரமாக நிற்கும்.

மூங்கிலைச் சரிபாதியாகப் பிளக்கக் கூடாது. மேற்புறத்தில் மூன்றில் ஒரு பகுதியை மட்டும் நீளவாக்கில் சீவி எடுக்க வேண்டும். அப்போது இரு விளிம்புகளும் உள்நோக்கி வளைந்திருக்கும். கோழி அலகால் தள்ளும் தீவனம் அந்த வளைவில் மோதி மீண்டும் உள்ளேயே விழும். மூங்கிலின் இரு முனைகளையும் கணுவோடு விட்டு அறுத்தால் தனியாக அடைப்புத் தேவையில்லை. குழாயாயின் மரக்கட்டையால் அடைக்கலாம்.

கோழி தொட்டியின்மேல் ஏறி நின்று எச்சமிடும். அதனைத் தடுக்க ஓர் எளிய வழி உண்டு. தொட்டியின் இரு முனைகளிலும் சற்று உயரமான பலகைத் துண்டுகளைப் பொருத்தி, அவற்றுக்கிடையே ஒரு வழவழப்பான குச்சியை ஆணியில் தளர்வாக மாட்ட வேண்டும். கோழி காலை வைத்தவுடன் குச்சி உருளும், கோழி இறங்கிவிடும். இரண்டு மூன்று முறை ஏறிப் பார்த்துவிட்டுப் பிறகு அந்தப் பக்கமே ஏறாது.

இரண்டாம் கருவி: தொங்கும் வாளி

வீட்டார் காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் குடும்பங்களுக்கு இது ஏற்றது. மூடியுள்ள பழைய பிளாஸ்டிக் வாளி ஒன்றும், பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் அகன்ற தட்டு ஒன்றும் வேண்டும். பூச்சிமருந்தோ பெயிண்டோ இருந்த வாளி கூடாது. வாளியின் அடிப்பகுதி 24 செ.மீ. என்றால் தட்டு 36 செ.மீ. இருக்கட்டும். அப்போது சுற்றிலும் 6 செ.மீ. இடைவெளி கிடைக்கும். தட்டின் விளிம்பு 5 செ.மீ. உயரம் இருப்பது நலம். வாளியின் பக்கச் சுவரில், அடியை ஒட்டி, நான்கு இடங்களில் 3 செ.மீ. உயரத்துக்கு அரைவட்டத் துளைகள் வெட்டி, வாளியையும் தட்டையும் நடுவில் ஒரு போல்ட்டு நட்டால் இணைத்துவிட வேண்டும். வாளிக்குள் நடுவில் ஒரு கூம்பைக் கவிழ்த்து வைத்தால் தீவனம் மையத்தில் தேங்காமல் துளைகளை நோக்கிச் சரியும்.

இக்கருவி தானே நின்று தானே இயங்குவதற்குக் காரணம் எளிய இயற்பியலே. தானியத்தைக் குவித்தால் அது ஒரு குறிப்பிட்ட சாய்வு வரைதான் சரியும், அதற்குமேல் நின்றுவிடும். களத்தில் நெற்குவியல் ஒரே சாய்வில் நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தட்டில் தீவனம் அந்தச் சாய்வை அடைந்தவுடன் துளை தானே அடைபடுகிறது. கோழி தின்னத் தின்ன மேலிருந்து இறங்குகிறது. தீவனம் ஈரமானால் சரியாது; ஆகவே மூடியும் கூரை நிழலும் அவசியம். தட்டின் சுற்றளவு 113 செ.மீ.; பத்துக் கோழிக்குத் தாராளமாகப் போதும்.

வாளியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடும்போது தட்டின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் காலால் சீய்க்கும். உயர்ந்திருந்தால் சிறிய கோழிக்கு எட்டாது. கோழி வளர வளரக் கயிற்றைச் சுருக்கிக் கட்ட வேண்டியதுதான்.

மூன்றாம் கருவி: புட்டி நீர்த்தட்டு

அகன்ற சட்டியில் தண்ணீர் வைத்தால் குஞ்சுகள் விழுந்து நனையும். நனைந்த குஞ்சு பெரும்பாலும் பிழைப்பதில்லை. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியின் அடியிலிருந்து 1½ செ.மீ. உயரத்தில் ஒரு சிறு துளையிட்டு, 3 செ.மீ. விளிம்புள்ள தட்டின் நடுவில் நிறுத்துங்கள். துளையை விரலால் அடைத்துக்கொண்டு நீர் நிரப்பி மூடியை இறுக்கிய பின் விரலை எடுங்கள். தட்டில் நீர் துளையை மூடும் அளவுக்கு ஏறியதும் ஒழுகல் நின்றுவிடும். வெளிக்காற்று உள்ளே நுழைய வழியில்லாததால் காற்றின் அழுத்தமே புட்டிக்குள் நீரைத் தாங்கி நிறுத்துகிறது. குஞ்சு குடித்து நீர்மட்டம் துளைக்குக் கீழே இறங்கினால் ஒரு குமிழி உள்ளே போகும். அதற்கு ஈடாகக் கொஞ்சம் நீர் வெளியே வரும். மூடி தளர்ந்திருந்தால் நீர் முழுவதும் வெளியேறிவிடும். முதல் வாரத்தில் தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி வைத்தால் குஞ்சு விழுந்தாலும் மூழ்காது.

நான்காம் கருவி: செங்கல்மேல் பஞ்சாரம்

குஞ்சுக்கென்று சத்தான தீவனம் வைத்தால் தாய்க்கோழியும் மற்றக் கோழிகளும் முதலில் வந்து தின்றுவிடும். இதற்கு எல்லார் வீட்டிலும் உள்ள பஞ்சாரமே போதும். மூன்று செங்கற்களைப் படுக்கவைத்து அவற்றின்மேல் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, உள்ளே குஞ்சுத் தீவனத்தையும் புட்டி நீரையும் வையுங்கள். அந்த இடைவெளியில் குஞ்சு நுழையும். பெரிய கோழி நுழையாது. தாய் வெளியே நின்று கூப்பிடும். குஞ்சுகள் தின்றுவிட்டு ஓடிவரும். இரவில் செங்கல்லை எடுத்துவிட்டுத் தாயையும் குஞ்சுகளையும் சேர்த்தே மூடினால் அதுவே பூனைக்கும் கீரிக்கும் காப்பு.

தீவனம் கலக்கும் கணக்கு

வளரும் கோழியின் தீவனத்தில் நூற்றுக்கு 16 பங்கு புரதமும், குஞ்சுக்கு 20 பங்கும் இருக்க வேண்டும். மக்காச்சோளத்தில் சுமார் 9, கடலைப் புண்ணாக்கில் சுமார் 40 பங்கு புரதம் உண்டு. 16 வேண்டுமானால், புண்ணாக்கின் 40இலிருந்து 16ஐக் கழிக்கக் கிடைக்கும் 24 பங்கு சோளம். 16இலிருந்து சோளத்தின் 9ஐக் கழிக்கக் கிடைக்கும் 7 பங்கு புண்ணாக்கு. பத்துக் கிலோவுக்கு ஏறக்குறைய 7¾ கிலோ உடைத்த சோளமும் 2¼ கிலோ புண்ணாக்கும் ஆகும். கம்பு, குருணை எதுவானாலும் முறை இதுவே.

எனினும் புரதம் எல்லாம் ஒன்றல்ல. கடலைப் புண்ணாக்கில் லைசின், மெத்தியோனின் என்னும் அமினோ அமிலங்கள் குறைவு. ஆகவே உப்பிடாமல் உலர்த்திய மீன்தூள் சிறிது சேர்க்க வேண்டும். உப்புக் கருவாடு கூடாது. முட்டையிடும் கோழிக்குச் சிப்பித்தூளைத் தனிக் கொட்டாங்கச்சியில் வைத்தால் வேண்டிய அளவு அதுவே தின்னும். செலவில்லாத புரதம் ஒன்றும் நம் பாட்டிமார் அறிந்ததே. பழைய பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் அடைத்து, நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை பானை நிறையக் கரையான் இருக்கும். குஞ்சுக்கு அதைவிட விருந்து வேறில்லை.

ஓர் எச்சரிக்கை. பூஞ்சை பிடித்த புண்ணாக்கை ‘கோழிக்குத்தானே’ என்று போடலாகாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. ஆராய்ந்தபோது, அவற்றுக்குப் போட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்திருந்த பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று தெரிந்தது. அந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டனர். கல்லீரலைக் கெடுக்கும் இந்நஞ்சு வேகவைத்தாலும் போகாது. மழைக்காலத்தில் புண்ணாக்கைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைக்க வேண்டும்.

அடையும் குஞ்சும்

முட்டையைப் பென்சிலால் நாள் குறித்து, குளிர்ந்த மூலையில் ஈர மணல்மேல் வைத்த சட்டியில் சேர்க்கலாம். பத்து நாளுக்கு மேற்பட்ட முட்டையை அடைக்கு வைக்காதிருப்பது நல்லது. பன்னிரண்டு முட்டை ஒரு சிறுவிடைக்குப் போதும். அதற்குமேல் வைத்தால் ஓரத்து முட்டைகளுக்குச் சூடு எட்டாது. ஏழாம் நாள் இரவு டார்ச்சு வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருவுள்ள முட்டையில் சிலந்திக் கால் போல இரத்த நாளங்கள் தெரியும். வெறுமையாகத் தெரிவதை எடுத்துவிடலாம். 21ஆம் நாள் குஞ்சு பொரிக்கும்.

சிறிய உடலுக்கு எடையைப் பார்க்க மேற்பரப்பு அதிகம். எனவே சூடு விரைவில் வெளியேறும். முதல் வாரம் 95 பாரன்ஹீட் வெப்பமும், பிறகு வாரத்துக்கு 5 பாரன்ஹீட் குறைத்தும் கொடுக்க வேண்டும். தாயின் இறக்கை இதனைத் தானே செய்கிறது. தாயில்லாத குஞ்சுக்கு ஒரு குண்டு பல்பு. குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர். விலகி ஓடினால் சூடு. பரவி நின்று மேய்ந்தால் சரி. வெப்பமானி வேண்டியதில்லை, குஞ்சே வெப்பமானி.

இன்னொரு கணக்கும் உண்டு. முட்டையிட 20 நாள், அடைக்கு 21 நாள், குஞ்சோடு திரிய 75 நாள் என்று கொண்டால் ஒரு சுற்றுக்கு 116 நாள்; ஆண்டுக்கு மூன்று சுற்று. ஒரு மாதத்தில் குஞ்சுகளைப் பிரித்துத் தனியே வளர்த்தால் தாய் விரைவில் மறுபடி முட்டைக்கு வரும். இறகுதிர்க்கும் ஓய்வுக் காலம் போக, ஆண்டுக்கு நான்கு சுற்று எதிர்பார்க்கலாம். ஆனால் பிரித்த குஞ்சு பிழைக்க வேண்டுமே! அதற்குத்தான் மேற்சொன்ன கருவிகள்.

வெள்ளைக் கழிச்சல்

எல்லாம் செய்தும் ஒரே வாரத்தில் கொல்லையைக் காலியாக்கும் நோய் வெள்ளைக் கழிச்சல். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கண்டறியப்பட்டது. நம் நாட்டில் இமயமலை அடுக்கிலுள்ள இராணிகேத் என்னும் ஊரின் பெயரால் வழங்குகிறது. இது வைரஸ் நோயாதலால் வந்தபின் மருந்தில்லை. தடுப்பு மருந்தே வழி. முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு, நான்காம் வார அளவில் லசோட்டா, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி என்பது பொதுவான முறை. ஊரிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுச் செய்யலாம். லசோட்டாவைக் குடிநீரில் கொடுக்கும்போது குளோரின் கலந்த குழாய்நீர் கூடாது. மருந்திலுள்ள உயிருள்ள வைரஸ் செத்துவிடும். கிணற்று நீரே நல்லது.

கோழிக்காசு

கிராமத்தில் ‘கோழிக்காசு’ என்று ஒரு காசு உண்டு. அது வீட்டுப் பெண்களின் காசு. நெல் விற்ற பணம் கடனுக்குப் போகும். கூலிப் பணம் மளிகைக்குப் போகும். முட்டை விற்றதும் சேவல் விற்றதும் அம்மாவின் சுருக்குப் பையில் இருக்கும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவன் நான்தான் முதல் ஆள். என் தேர்வுக் கட்டணமும் ரெக்கார்டு நோட்டும் அந்தச் சுருக்குப் பையிலிருந்தே வந்தன. அம்மா எழுத்தறியாதவர். ஆனால் எந்தப் பெட்டை எத்தனை முட்டையிட்டது, எந்த ஈட்டில் எத்தனை குஞ்சு நின்றது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் வகுப்பில் படித்த சதவீதக் கணக்கைச் சொன்னபோது, “அதான் விளிம்பு வரைக்கும் போடாதேன்னு உங்க ஆத்தா சொல்லும்” என்றார். அறிவியல் பாட்டியிடமும் இருந்திருக்கிறது. காரணத்தை எண்ணிக்கையில் சொல்வதுதான் நாம் படித்த படிப்பு செய்யக்கூடிய உதவி.

நம் கல்லூரி மாணவர் பலரும் இப்படிக் கோழியும் ஆடும் உள்ள வீடுகளிலிருந்து வருகிறவர்களே. விலங்கியல் படித்தவர் மட்டுமல்ல, வாளியின் சாய்வை இயற்பியல் மாணவரும், நஞ்சின் வேதியலை வேதியியல் மாணவரும், சுற்றுக் கணக்கைக் கணித மாணவரும் தம் வீட்டாருக்கு எடுத்துச் சொல்லலாம். அதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தீவனத் தட்டுக்கு அடியில் ஒரு பழைய சாக்கை அகலமாக விரித்து வையுங்கள். கோழிகள் தின்று நகர்ந்தவுடன் சாக்கில் விழுந்ததைக் கூட்டி நிறுத்துப் பாருங்கள். அதனை 365ஆல் பெருக்குங்கள். பிறகு தொட்டி செய்யச் சொல்லி உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிராது.